செவித்துணைக் கருவி பலன் தந்தது என்பதை எதைக் கொண்டு அளப்பது?

2023ஆம் ஆண்டு ஜூலையில் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வை ஒட்டி இரண்டு வகைச் செய்திகள் பரவின. செவித்துணைக் கருவி அணிந்தால் முதுமையில் அறிவாற்றல் தேய்வது ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்றது ஒரு வகை. கருவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடு தென்படவில்லை என்றது இன்னொரு வகை. இரண்டும் ஒரே ஆய்வைப் பற்றியவை. இரண்டுக்கும் அந்த ஆய்வுக்குள்ளேயே சான்று உண்டு. வயதான தாய்க்கோ தந்தைக்கோ பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் காது மெஷின் வாங்கலாமா என்று எண்ணிக்கொண்டிருந்த ஒருவர் இவற்றைப் படித்துக் குழம்பியிருந்தால் அதில் வியப்பில்லை.

'அச்சீவ்' என்ற பெயர் கொண்ட அந்த ஆய்வில், அமெரிக்காவின் நான்கு இடங்களைச் சேர்ந்த, 70 முதல் 84 வயது வரையிலான 977 பேர் கலந்துகொண்டனர். குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்ட அவர்களில் ஒரு குழுவுக்குச் செவித்துணைக் கருவியும் ஆலோசனையும் தரப்பட்டன. மறு குழுவுக்கு உடல்நலம் பேணுவது பற்றிய பாடங்கள் நடத்தப்பட்டன. மூன்று ஆண்டுகள் கழித்து அளந்தபோது, மொத்தமாகப் பார்த்தால் இரு குழுக்களின் அறிவாற்றல் மாற்றத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் பங்கேற்றவர்களில் 238 பேர் பல்லாண்டுகளாக நடந்துவரும் ஓர் இதயநோய் ஆய்விலிருந்து வந்தவர்கள். வயதும் அறிவாற்றல் தேய்வுக்கான காரணிகளும் கூடுதலாக இருந்த அவர்களிடையே, கருவி பெற்றவர்களின் அறிவாற்றல் தேய்வு 48 சதவீதம் மெதுவாக இருந்தது. புதிதாகச் சேர்க்கப்பட்ட 739 பேர் பொதுவாக நலமாக இருந்தவர்கள். மூன்றாண்டுகளில் அவர்களுக்குத் தேய்வே மிகக் குறைவு என்பதால், அதைக் கருவி குறைத்ததா என்று அறிவதற்கும் இடமில்லாமல் போயிற்று.

செய்திகளில் அதிகம் இடம்பெறாத மூன்றாவது முடிவு ஒன்றும் உண்டு. உரையாடுவதில் உள்ள சிரமத்தை அளக்கும் கேள்வித்தாளில், கருவி பெற்ற குழு தெளிவான முன்னேற்றம் காட்டியது. காது கேட்கவில்லை என்று வந்தவருக்கு உரையாடல் எளிதானது என்பதைவிடப் பெரிய பலன் எது என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் செய்தியானது அறிவாற்றல்தான். 'பலன்' என்ற ஒரே சொல்லை ஆளுக்கொரு அளவுகோலால் அளக்கும்போது இந்தக் குழப்பம் வந்தே தீரும். எனவே அந்த அளவுகோல்கள் யாவை, அவை எதை அளக்கின்றன, எதை அளக்கத் தவறுகின்றன என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

டெசிபல் சொல்வது என்ன

காது பரிசோதனை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, ஓசை புகாத அறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, 'பீப்' ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்துவது. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் (ஒலி தாழ்ந்ததா, உயர்ந்ததா என்பதைக் காட்டும் அளவு; அலகு ஹெர்ட்ஸ்) ஒருவரால் கேட்க முடிந்த மிக மெல்லிய ஒலியின் அளவு அவருடைய கேட்டல் வரம்பு எனப்படும். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான வரம்புகளை, ஒலியின் வலிமையைச் சொல்லும் டெசிபல் கணக்கில் குறித்த வரைபடமே ஆடியோகிராம். எண் கூடக் கூட இழப்பும் கூடுகிறது என்று பொருள்.

உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியிட்ட செவித்திறன் குறித்த உலக அறிக்கையில், 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு அதிர்வெண்களில் நன்றாகக் கேட்கும் காதின் வரம்புகளைச் சராசரி எடுத்து, இழப்பைத் தரம் பிரித்தது. 20 டெசிபலுக்குக் கீழே இயல்பு, 20 முதல் 35க்குள் லேசானது, 50க்குள் மிதமானது, 65க்குள் மிதத்தைத் தாண்டிய கடுமை, 80க்குள் கடுமையானது, 95க்குள் மிகக் கடுமையானது, அதற்கு மேல் முழு இழப்பு. உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதோ ஓர் அளவில் செவித்திறன் இழப்பு உள்ளது என்றும், அவர்களில் 43 கோடிப் பேருக்கு மறுவாழ்வுச் சிகிச்சை தேவை என்றும் அந்த அறிக்கை மதிப்பிட்டது. செவித்துணைக் கருவியால் பயன்பெறக்கூடியவர்களில் ஐந்தில் ஒருவர்கூட அதைப் பயன்படுத்தவில்லை என்பதும் அதே அறிக்கை சொல்வதுதான்.

இந்தத் தரப்பிரிப்பு நோயைக் கண்டறிய உதவுகிறது. சிகிச்சையின் விளைவை அளக்க அது போதாது. ஏனெனில் வயதாவதாலோ இரைச்சலாலோ உள்காதில் ஏற்பட்ட சேதத்தைச் செவித்துணைக் கருவி சரிசெய்வதில்லை. ஒலியைப் பெருக்கித் தருகிறது, அவ்வளவுதான். கருவியைக் கழற்றிவிட்டு மறுபடி ஆடியோகிராம் எடுத்தால் பழைய எண்ணே வரும். கருவியோடு எடுத்தால் எண் குறையும். ஆனால் மெல்லிய 'பீப்' ஒலி காதில் விழுகிறது என்பதற்கு மேல் அது எதையும் மெய்ப்பிக்காது.

காதில் விழுவதும் புரிவதும்

"சத்தம் கேட்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியலை." செவித்திறன் குறைந்தவர்களிடம் மிகுதியாகக் கேட்கும் குறை இது, இந்தத் துறை அளக்க வேண்டியதும் இதைத்தான். ஒலி அதிர்வை நரம்புக் குறியாக மாற்றும் உள்காதின் மயிர்ச்செல்கள் கெடும்போது மெல்லிய ஒலிகள் கேட்காமல் போவதோடு, ஒலிகளைப் பிரித்தறியும் கூர்மையும் மங்குகிறது. ஒலியைப் பெருக்கினால் முதல் இழப்பு ஈடாகும், இரண்டாவது ஈடாகாது. 2009இல் குஜாவா, லீபர்மன் ஆகியோர் எலிகளில் செய்த ஆய்வு இதற்கு மேலும் ஒரு காரணத்தைக் காட்டியது: பேரிரைச்சலுக்குப் பிறகு கேட்டல் வரம்பு இயல்புக்குத் திரும்பியும்கூட, மயிர்ச்செல்லுக்கும் செவி நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் ஏறத்தாழப் பாதி அழிந்திருந்தன. ஆடியோகிராமில் குறையில்லாத காதுக்குள் குறை இருக்கக்கூடும் என்பது அதன் பொருள்.

ஆகவே பேச்சைக் கொண்டே சோதிக்கும் முறைகள் வந்தன. ஒற்றைச் சொற்களை ஒலிக்கவிட்டுத் திரும்பச் சொல்ல வைப்பது எளிய வகை. இரைச்சலுக்கு நடுவே வாக்கியங்களையோ எண்களையோ ஒலிக்கவிட்டு, பாதியளவு புரிவதற்குப் பேச்சு இரைச்சலைவிட எத்தனை டெசிபல் ஓங்கியிருக்க வேண்டும் என்று காண்பது வாழ்க்கைக்கு நெருக்கமான வகை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட கைபேசிச் செயலி இந்த இரண்டாம் வகையின் எளிய வடிவம்: இரைச்சலுக்குள் மூன்று எண்கள் ஒலிக்கும், கேட்டவற்றை அழுத்த வேண்டும்.

சொல் சோதனையில் ஒரு புள்ளிவிவரச் சிக்கல் உண்டு. அதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கருவி விற்குமிடத்திலேயே அது தவறாகப் பயன்படுத்தப்பட வாய்ப்புண்டு. ஒருவர் 50 சொற்கள் கொண்ட பட்டியலில் 25 சொற்களைச் சரியாகச் சொல்கிறார் என்று கொள்வோம். அவருடைய காதில் எந்த மாற்றமும் இல்லாத நிலையிலும், இணையான இன்னொரு பட்டியலில் அவர் 16 முதல் 34 சொற்கள் வரை சரியாகச் சொல்வது தற்செயலுக்கு உட்பட்டதே என்று 1978இல் தார்ன்டன், ராஃபின் ஆகிய இருவரும் கணக்கிட்டுக் காட்டினர். அதாவது, 50 சதவீதம் எடுத்தவர் கருவி மாட்டியபின் 64 சதவீதம் எடுத்தால், அதை முன்னேற்றம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 25 சொற்கள் மட்டுமே கொண்ட பட்டியலானால் இந்தத் தற்செயல் எல்லை இன்னும் அகலும். 10 சொற்களை வைத்துச் சொல்லப்படும் சதவீதத்துக்கு ஏறத்தாழ மதிப்பே இல்லை.

மொழியும் இங்கே குறுக்கிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல் பன்மையா, உடைமையா என்பதைச் சொல்லின் இறுதியில் வரும் சீறொலி ஒன்றே காட்டும். அது உயர் அதிர்வெண் ஒலி, முதுமையில் முதலில் கேட்காமல் போகும் வகை. தமிழிலோ 'கள்' என்ற முழு அசை அந்த வேலையைச் செய்கிறது. மறுபுறம், கல் – கால், படம் – பட்டம் என்று ஒலியின் நீளமே பொருளை மாற்றும் இடங்களும், ல, ள, ழ என்று நாவின் நிலையால் மட்டும் வேறுபடும் ஒலிகளும் தமிழில் நிறைய. ஓர் ஆங்கிலச் சொற்பட்டியலைத் தமிழாக்கினால் தமிழ்ச் சோதனை கிடைத்துவிடாது. தமிழில் ஒலிகள் வரும் விகிதத்துக்கேற்பச் சொற்களைத் தேர்ந்து, அவை ஒரே அளவு கடினமாக உள்ளனவா என்று நன்றாகக் கேட்பவர்களிடம் சோதித்த பிறகே அந்தப் பட்டியலை அளவுகோலாகக் கொள்ளலாம்.

விளைவின் மூன்று தளங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்ற செயல்பாட்டு வகைப்பாடு, எந்த உடற்குறையையும் மூன்று தளங்களில் காணச் சொல்கிறது. செவித்திறனுக்கு அதைப் பொருத்தினால் இப்படி அமையும்:

1. உடலின் செயல்: காது ஒலியை எவ்வளவு உணர்கிறது. ஆடியோகிராம் இந்தத் தளத்தைச் சேர்ந்தது.

2. செய்யும் காரியம்: எதிரில் இருப்பவரோடு பேசுவது, தொலைபேசியில் பேசுவது, ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அறிவது.

3. வாழ்வில் பங்கேற்பது: வேலை, உறவினர் வீட்டு விசேஷம், கோயில், சங்கக் கூட்டம் ஆகியவற்றுக்கு முன்புபோல் போகிறாரா, போன இடத்தில் பேசுகிறாரா, ஓரமாக உட்கார்ந்துவிட்டு வருகிறாரா.

ஒரு தளத்தில் ஏற்படும் முன்னேற்றம் அடுத்த தளத்துக்குத் தானாக ஏறுவதில்லை. 45 டெசிபல் இழப்புள்ள இருவரில் ஒருவர் தனியாக வாழும் ஓய்வுபெற்றவராகவும் மற்றவர் வகுப்பறையில் நாற்பது மாணவர்களுக்குப் பாடம் நடத்துபவராகவும் இருந்தால், ஆடியோகிராம் ஒன்றாக இருக்கலாம்; இழந்தது ஒன்றாக இராது.

கருவி சரியாகப் பொருத்தப்பட்டதா என்பதைக் காண இவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு தொழில்நுட்ப அளவீடு உண்டு. மெல்லிய குழாய் ஒன்றைச் செவிப்பறைக்கு அருகே வரை நுழைத்து, கருவியிலிருந்து வரும் ஒலி அந்த இடத்தில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது அது. ஒவ்வொருவரின் காதுக்குழாயும் அளவில் வேறு என்பதால், கணினித் திரை காட்டும் எண்ணும் செவிப்பறையை அடையும் ஒலியும் ஒன்றாக இருப்பதில்லை. சிட்னியில் உள்ள ஆஸ்திரேலியத் தேசிய ஒலியியல் ஆய்வகம் போன்றவை வகுத்த சூத்திரங்கள், எந்த இழப்புக்கு எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பெருக்கம் தேவை என்று இலக்கு தருகின்றன. அந்த இலக்கை எட்டியது பலனுக்கு முன்நிபந்தனை. அதுவே பலன் ஆகாது.

அணிந்தவரைக் கேட்பது

இரண்டாம், மூன்றாம் தளங்களை அறிய வேண்டுமானால் சம்பந்தப்பட்டவரைத்தான் கேட்டாக வேண்டும். அதற்கெனக் கடந்த நாற்பது ஆண்டுகளில் உருவான கேள்வித்தாள்களில் நான்கை மட்டும் பார்க்கலாம்.

முதலாவது, 1982இல் வென்ட்ரி, வைன்ஸ்டீன் ஆகியோர் முதியவர்களுக்காக உருவாக்கிய எச்.எச்.ஐ.ஈ. இதில் 25 கேள்விகள். 'ஆம்' என்றால் 4, 'சில வேளைகளில்' என்றால் 2, 'இல்லை' என்றால் 0. மொத்தம் 100க்கு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு பாதிப்பு. காதில் என்ன விழுகிறது என்பதைவிட, காது கேட்காததால் மனம் என்ன பாடுபடுகிறது, எங்கே போவதைத் தவிர்க்கிறீர்கள் என்பதையே இது நாடுகிறது. இதன் 10 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவம் முகாம்களில் விரைவாகக் கேட்கப் பயன்படுகிறது. அதன் உச்ச மதிப்பெண் 40.

இரண்டாவது, 1995இல் காக்ஸ், அலெக்சாண்டர் ஆகியோர் வெளியிட்ட ஏஃபாப். 24 கேள்விகளை அமைதியான உரையாடல், இரைச்சல், எதிரொலி மிகுந்த இடம், ஒலியின் மீதான வெறுப்பு என்று நான்காகப் பிரிக்கிறது. நான்காவது பிரிவு குறிப்பிடத்தக்கது. பாத்திரம் விழும் ஒலியும் வாகன ஹாரனும் கருவி வழியாகத் தாங்க முடியாதபடி கேட்பதாலேயே பலர் அதைக் கழற்றி வைக்கிறார்கள். மற்ற மூன்றிலும் முன்னேற்றம் காட்டிவிட்டு இதில் மோசமானால், கருவி விரைவில் அலமாரிக்குப் போய்விடும்.

மூன்றாவது, ஆஸ்திரேலியாவில் 1997இல் டில்லன் குழுவினர் வெளியிட்ட கோசி. இதில் ஆயத்தக் கேள்விகள் கிடையாது. கருவி பொருத்துவதற்கு முன்பே, தனக்கு முக்கியமான ஐந்து சூழல்கள் வரை அவரே சொல்ல வேண்டும். பேத்தியோடு தொலைபேசியில் பேசுவது, கல்யாண மண்டபத்தில் மேளம் ஒலிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் சொல்வது புரிவது, பேருந்தில் நடத்துநர் சொல்லும் நிறுத்தத்தின் பெயர் காதில் விழுவது என்று எதுவாகவும் இருக்கலாம். சில வாரங்கள் கழித்து, ஒவ்வொன்றிலும் நிலைமை மோசமானதா, மாறவில்லையா, சற்று மேலா, மேலா, மிகவும் மேலா என்று ஐந்தில் ஒன்றைச் சொல்கிறார். இப்போது அந்தச் சூழலில் எவ்வளவு நேரம் புரிகிறது என்றும் சொல்கிறார். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட இது உதவாது என்பது உண்மை. ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதருக்குச் சிகிச்சை உதவியதா என்ற கேள்விக்கு, இதைவிட நேர்மையான கருவி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நான்காவது, 1999இல் டென்மார்க்கின் எரிக்ஸ்ஹோமில் கூடிய ஆய்வாளர்கள், எல்லா நாடுகளின் முடிவுகளையும் ஒப்பிடத்தக்க வகையில் வகுத்த ஐ.ஓ.ஐ-எச்.ஏ. ஏழே கேள்விகள்: நாளுக்கு எத்தனை மணி நேரம் அணிகிறீர்கள், எவ்வளவு உதவியது, இன்னும் எவ்வளவு சிரமம் எஞ்சியுள்ளது, சிரமத்துக்குத் தகுந்த பலன் உண்டா, நீங்கள் செய்யக்கூடியவற்றை அது இன்னும் எவ்வளவு பாதிக்கிறது, உங்கள் காது கேளாமை மற்றவர்களை எவ்வளவு தொல்லைப்படுத்துகிறது, வாழ்க்கையில் மகிழ்ச்சி கூடியதா. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. மனைவியோ மகனோ ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை உரக்கச் சொல்லிக் களைத்துப்போவதையும் விளைவின் ஒரு பகுதியாகக் கணக்கில் எடுத்தது இதன் சிறப்பு.

எண்கள் வழுக்கும் இடங்கள்

கேள்வித்தாளில் மதிப்பெண் மாறிவிட்டது என்பதாலேயே வாழ்க்கை மாறிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. கவனிக்க வேண்டிய இடங்கள் சில:

1. கேட்கும் விதம். எச்.எச்.ஐ.ஈ.யை நேரில் கேட்டு நிரப்பினால் ஏறத்தாழ 19 புள்ளி மாற்றமும், நோயாளி தாமே தாளில் நிரப்பினால் 36 புள்ளி மாற்றமும் இருந்தால்தான், தனியொருவரின் முன்னேற்றம் தற்செயலானதில்லை என்று உறுதிகொள்ளலாம். கேள்விகள் அவையே, கேட்ட முறைதான் வேறு.

2. நம்பிக்கையின் விளைவு. புதிய கருவி என்று சொல்லித் தந்தபோது, உண்மையில் அதே கருவியாக இருந்தும், கேட்டவர்கள் அதையே விரும்பினர். இரைச்சலில் பேச்சைப் புரிந்துகொள்ளும் சோதனையில்கூட அதில் சற்றுக் கூடுதலாக எடுத்தனர். மான்செஸ்டர் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டியுள்ளனர். கருவியைப் பொருத்தியவரே கேள்வியும் கேட்டால், முகத்துக்காக நல்ல பதில் சொல்வதும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

3. உள்ளுக்குள் நகரும் அளவுகோல். பத்தாண்டுகளாக மெல்ல மெல்லக் கேட்கும் திறனை இழந்தவர், தாம் எதையெல்லாம் இழந்தார் என்பதையே மறந்திருப்பார். 'பெரிய சிரமம் ஒன்றுமில்லை' என்று முதலில் சொன்னவர், கருவி மாட்டியபின் தம் பழைய நிலை எவ்வளவு மோசம் என்று உணர்கிறார். முன், பின் மதிப்பெண்களைக் கழித்துப் பார்த்தால் பலன் குறைவாகத் தெரியும். அவரைக் கேட்டால் மிகுதி என்பார்.

4. அணியும் நேரம். கருவிக்குள்ளேயே பதிவாகும் நேரத்தைவிட, அணிந்தவர்கள் வாயால் சொல்லும் நேரம் பெரும்பாலும் கூடுதலாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நல்லது. மேலும், ஒரு நாளில் இரண்டு மணி நேரம் மட்டும் கருவி தேவைப்படுபவர் அதை இரண்டு மணி நேரம் அணிந்தால், அது தோல்வியாகாது.

5. தரவுப் பிழை. 2023 ஏப்ரலில் பிரிட்டனின் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவைக் கொண்டு, காது கேளாமை இருந்தும் கருவி அணியாதவர்களுக்கு டிமென்ஷியா எனப்படும் மறதிநோயின் அபாயம் 42 சதவீதம் கூடுதல் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அதே ஆண்டு டிசம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. கணினி நிரலில் நேர்ந்த பிழையால், கருவி அணிந்தவர்களும் அணியாதவர்களும் இடம் மாறியிருந்தனர். முதல் செய்தியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் செய்தியைப் பகிர்ந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்றும் அந்த 42 சதவீதத்தை எடுத்துக்காட்டும் விளம்பரம் கண்ணில் பட்டால் நம்ப வேண்டாம்.

ஒப்பிட்டுச் சோதித்தபோது தெரிந்தவை

இத்தனை எச்சரிக்கைகளுக்குப் பிறகும் கருவிகள் உதவுகின்றன என்பதற்குத் திடமான சான்று உண்டு. 1990இல் மல்ரோ குழுவினர், டெக்சாஸில் 194 முன்னாள் படைவீரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினருக்கு உடனே கருவி தந்தனர். மறு பாதியினரைக் காத்திருக்க வைத்தனர். நான்கு மாதங்களில் இரு குழுக்களின் எச்.எச்.ஐ.ஈ. மாற்றத்தில் 34 புள்ளி இடைவெளி தோன்றியது. லேசான, மிதமான இழப்புள்ள பெரியவர்களைப் பற்றிய ஐந்து சோதனைகளைத் திரட்டிய 2017ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மீளாய்வும், அதே அளவுகோலில் சராசரியாக ஏறத்தாழ 26 புள்ளி பலனைக் கண்டது. ஆனால் பொதுவான வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாள்களில் அதே மீளாய்வு கண்ட பலன் சிறியது. இதன் காரணத்தைப் பின்னர் பார்ப்போம்.

இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஹியூம்ஸ் குழுவினர் நடத்தி 2017இல் வெளியிட்ட சோதனை இன்னும் நுட்பமானது. 154 பேரை மூன்றாகப் பிரித்தனர். மூன்று குழுக்களுக்கும் தந்தது ஒரே தரமான டிஜிட்டல் கருவி. முதல் குழுவுக்குச் செவித்திறன் வல்லுநரான ஆடியாலஜிஸ்ட் முறைப்படி பொருத்தினார். இரண்டாம் குழுவினர் தாங்களே தேர்ந்து பொருத்திக்கொண்டனர். மூன்றாம் குழுவின் கருவிகள் ஒலியைப் பெருக்காதவாறு அமைக்கப்பட்டிருந்தன. அது அவர்களுக்குத் தெரியாது. ஆறு வாரங்களுக்குப் பிறகு, உரையாடல் பலனைக் காட்டும் கேள்வித்தாளில் முதல் இரண்டு குழுக்களும் மூன்றாம் குழுவைவிட மேலாக இருந்தன. கருவியை விலை கொடுத்து வைத்துக்கொள்ள விரும்பியவர்களோ முதல் குழுவில் 81 சதவீதம், இரண்டாம் குழுவில் 55 சதவீதம், பெருக்கமே இல்லாத மூன்றாம் குழுவிலும் 36 சதவீதம்.

இந்த மூன்று எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒன்றும் செய்யாத கருவியை மூவரில் ஒருவருக்கு மேல் வைத்துக்கொள்ள விரும்பியிருக்கிறார் என்றால், 'எங்கள் வாடிக்கையாளர்கள் மனநிறைவோடு இருக்கிறார்கள்' என்ற விளம்பர வாசகம் தன்னளவில் சான்றாகாது. 81க்கும் 55க்கும் இடையிலான வேறுபாடு கருவியால் வந்ததும் அன்று, ஏனெனில் கருவி ஒன்றே; பொருத்தி, சொல்லிக்கொடுத்து, கூட இருந்து பழக்கிய மனிதரால் வந்தது. அமெரிக்காவில் 2022 அக்டோபர் 17 முதல், மருத்துவச் சீட்டும் காது பரிசோதனையும் இல்லாமலே லேசான, மிதமான இழப்பு இருப்பதாக உணரும் பெரியவர்கள் கடையில் கருவி வாங்கலாம் என்று விதி மாறியுள்ள நிலையில், இந்த வேறுபாட்டைத் தொடர்ந்து அளப்பது முன்னைவிட அவசரமான வேலை.

அளவுகோல் மாறினால் ஆள் மாறும்

யாருக்குச் சிகிச்சை, எவருடைய செலவில் என்பதை முடிவுசெய்வதும் இந்த அளவுகோல்கள்தாம். பிரிட்டனில் காக்ளியர் இம்பிளாண்ட் (அறுவைசிகிச்சையால் உள்காதில் பொருத்தி, செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி) பெறுவதற்கு 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதல், 2000, 4000 ஹெர்ட்ஸ்களில் 90 டெசிபலுக்கு மேல் இழப்பு இருக்க வேண்டும் என்றது. கருவியோடு பேச்சு புரிகிறதா என்று பார்க்க எளிய வாக்கியங்களையும் பயன்படுத்தியது. வாக்கியத்தில் இரண்டு சொல் கேட்டால் மூன்றாவதை ஊகித்துவிடலாம். அப்படி ஊகித்துத் தேறிவிட்டவர்கள் இம்பிளாண்ட் வாய்ப்பை இழந்தனர். 2019இல் அந்த வரம்பு 80 டெசிபலாகத் தளர்த்தப்பட்டு, ஊகத்துக்கு அதிகம் இடம் தராத ஒற்றைச் சொற்களில் எத்தனை ஒலிகள் சரி என்று எண்ணும் முறை வந்தது. அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரும் 2022இல், வாக்கியச் சோதனையில் 40 சதவீதம் வரை எடுப்பவர்களுக்கு என்றிருந்த விதியை 60 சதவீதம் வரை என உயர்த்தியது. யாருடைய காதும் ஒரே நாளில் மாறவில்லை. தகுதி பெற்றவர்களின் எண்ணிக்கை மாறியது.

காப்பீட்டு அமைப்புகளும் அரசுகளும் செலவுக்கேற்ற பலனைக் கணக்கிடும்போது பொது நலக் கேள்வித்தாள்களை நாடுகின்றன. அவற்றில் மிகப் பரவலான ஈ.க்யூ-5டி, நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்வது, வழக்கமான அலுவல்கள், வலி, மனக்கவலை என்ற ஐந்தையே கேட்கிறது. காதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எச்.யு.ஐ-3 என்ற மற்றொன்றில் கேட்டலுக்குத் தனி இடம் உண்டு. காக்ரேன் மீளாய்வில் பொது வாழ்க்கைத் தரப் பலன் சிறியதாகத் தோன்றியதற்கு இதுபோன்ற அளவுகோல்களின் மந்தத்தன்மை ஒரு காரணம் என்றே கருதுகிறேன். கேட்காத கேள்விக்கு விடை கிடைக்காது.

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இரு காதுகளிலும் பேச்சு அதிர்வெண்களில் 70 டெசிபல் இழப்புள்ளவரைக் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 டெசிபல் இழப்புள்ளவரைக் கேட்டல் குறைந்தவர் என்றும் வரையறுக்கிறது. 55 டெசிபல் இழப்புள்ள ஒருவர், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் மிதத்தைத் தாண்டிய கடுமையான இழப்புள்ளவர். இந்தச் சட்ட வரையறைக்குள் அவர் வரமாட்டார். சான்றிதழ் தருவதற்கு ஒரு வரம்பு வேண்டும் என்பது புரிகிறது. அந்த வரம்பு முழுக்க முழுக்க முதல் தளத்து அளவீடாகவே இருப்பதுதான் சிக்கல். உதவி உபகரணங்கள் வழங்கும் ஒன்றிய அரசின் 'அடிப்' திட்டம் 1981 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் அறிக்கைகளில் முன்னிற்பவை பயனாளிகளின் எண்ணிக்கையும் செலவான தொகையும். முகாமில் வாங்கிய கருவியை நாள் முழுதும் அணிபவரும், பேட்டரி தீர்ந்ததும் பெட்டிக்குள் வைத்துவிட்டவரும் அந்தக் கணக்கில் ஆளுக்கு ஒன்று.

பொது அளவுகோலுக்கான தேடல்

2015இல் ஆக்கிராய்ட் குழுவினர் திரட்டியபோது, செவித்திறனுக்கென்றே 139 கேள்வித்தாள்கள் இருப்பது தெரிந்தது. ஒவ்வோர் ஆய்வும் வெவ்வேறு கேள்வித்தாளைக் கையாண்டால் முடிவுகளைக் கூட்டிப் பார்க்க முடியாது. அதனால், ஒரு நோய்க்கான எல்லாச் சோதனைகளும் குறைந்தபட்சம் இவற்றையாவது அளக்க வேண்டும் என்று நோயாளிகளும் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து முடிவுசெய்யும் மையப் பட்டியல்கள் உருவாகி வருகின்றன. ஒரு காது மட்டும் கேளாதவர்களுக்காகப் பிரிட்டனில் தொடங்கிய அத்தகைய முயற்சி மூன்றைத் தேர்ந்தது: இரைச்சலான இடத்தில் பலர் கூடிப் பேசும்போது புரிவது, ஒலியின் இடத்தை உணர்வது, சமூகச் சூழல்களில் ஏற்படும் பாதிப்பு. மூன்றில் ஒன்றுகூடக் கேட்டல் வரம்பு பற்றியதில்லை.

தமிழில் இவற்றைக் கையாள்வதில் மொழிபெயர்ப்பைத் தாண்டிய ஒரு வேலை இருக்கிறது. உறவினர்களோடு உணவகத்தில் இருக்கும்போது சிரமப்படுகிறீர்களா என்று எச்.எச்.ஐ.ஈ. கேட்கிறது. உணவகத்துக்கே போகாத கிராமத்து மூதாட்டி 'இல்லை' என்பார்; மதிப்பெண் 0; பாதிப்பு இல்லை என்று பதிவாகும். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது என்று மாற்றிக் கேட்டால் பதில் வேறாகலாம். ஆனால் கேள்வியை மாற்றிய பிறகு, அந்த வடிவம் நம்பகமானதா என்று தமிழ் பேசுவோரிடமே மறுபடி சோதித்தாக வேண்டும்.

குடும்பத்தினர் கேட்டு வாங்க வேண்டியவை

கருவி வாங்குவதற்கு முன்பே, இழப்பின் ஆடியோகிராமோடு, இரைச்சலில் பேச்சு புரியும் அளவையும் ஏதேனும் ஒரு கேள்வித்தாளின் மதிப்பெண்ணையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் மதிப்பெண் இல்லாமல் பின்னர் எடுக்கும் மதிப்பெண்ணுக்குப் பொருள் இல்லை. எந்த ஐந்து சூழல்களில் கேட்க வேண்டும் என்பதை அணியப்போகிறவரே சொல்லட்டும். பிள்ளைகள் தங்கள் வசதிக்கேற்ப எழுதிவிடக் கூடாது. பொருத்தும் நாளில் காதுக்குழாய்க்குள் அளந்தார்களா என்று கேட்டு, அதன் அச்சுப் பிரதியைப் பெறலாம். ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மறுபரிசோதனைக்குப் போகும்போது, முதலில் நேரில் கேட்டிருந்தால் இப்போதும் நேரில் கேட்கச் சொல்ல வேண்டும். தாளில் நிரப்பியிருந்தால் தாளிலேயே நிரப்ப வேண்டும். கருவியில் பதிவான அணியும் நேரத்தையும் அன்றே பார்த்துவிடலாம். முதலில் எழுதிய ஐந்து சூழல்களில் இரண்டிலாவது மாற்றமில்லை என்றால், கருவியின் அமைப்பை மாற்றித் தரும்படி கேட்பதற்கு அந்தத் தாளே போதிய காரணம்.